டெக்கில் கிளீட், ஸ்டான்ஷன் எல்லாம் ஆடுது: இறுக்கினால் போதுமா, கழற்றியே ஆகணுமா?

துடுப்பு22:

வணக்கம். 22 அடி ஃபைபர் பாய்மரப் படகு. டெக் (மேல்தளம்) மேலேயும் கீழேயும் 3 மி.மீ. ஃபைபர், நடுவில் 12 மி.மீ. பால்சா (எடை குறைந்த மென்மரம்). மூன்று இடத்தில் ஆட்டம்.

முதலாவது, அணியத்தில் (முன்முனையில்) இருக்கிற 8 அங்குல கிளீட், கயிறு கட்டுகிற கொம்பு. நான்கு எம்8 (8 மி.மீ.) போல்ட். நட்டை முக்கால் சுற்று இறுக்கினேன், ஒரே மாதத்தில் பழையபடி ஆடுது. கீழே தகடு கிடையாது, சாதாரண வாஷர்தான். அந்த வாஷரின் விளிம்பு ஃபைபருக்குள் அமுங்கியிருக்கு.

இரண்டாவது, இடது பக்கம் நடு ஸ்டான்ஷன், அதாவது ஓரத்து வேலிக் கம்பியைத் தாங்குகிற தூண். உச்சியைப் பிடித்து அசைத்தால் ஒரு விரல் அகலத்துக்குப் போய் வருது. அடித்தட்டைச் சுற்றி ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல்பூச்சில்) சிலந்தி வலை மாதிரிக் கீறல்.

மூன்றாவது, கேபின் கூரைமேல் இருக்கிற கைப்பிடிக் கம்பியின் ஒரு கால். வெறும் திருகாணி போட்டிருக்காங்க. கீழே லைனர் (உள்கூரை) மூடியிருக்கு, கை போகாது.

போல்ட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினால் நிற்குமா? எந்த சீலன்ட் (கசிவை அடைக்கிற பொருள்) போடலாம்?

அலைமேல்:

முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்க. இனி இறுக்க இறுக்க நிலைமை மோசமாகத்தான் போகும்.

இந்த மாதிரி டெக்கில் பலம் முழுக்க இரண்டு ஃபைபர் தோலும் விலகி நிற்பதில் இருக்கு. அவற்றை விலக்கிப் பிடிப்பது பால்சா. போல்ட் அந்த இரண்டு தோலையும் ஒன்றோடொன்று நெருக்குது. பால்சா நசுங்கினதும் பிடி தளரும். நீங்க மறுபடி இறுக்கினால் இன்னும் நசுங்கும், இன்னும் தளரும். முக்கால் சுற்று ஒரே மாதத்தில் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான், நட்டில் குறை இல்லை. சாதாரண எம்8 வாஷர் 16 மி.மீ. அகலம். நான்கையும் சேர்த்தால்கூட 6 சதுர செ.மீ. வராது. ஒரு படகின் இழுவை முழுவதும் அந்த நகக்கண் அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கு.

ஆடுகிற எதுவும் கட்டாயம் கசியும். கசிந்த தண்ணீர் பால்சாவில் ஊறும், ஊறினது உளுக்கும், உளுத்தது இன்னும் எளிதாக நசுங்கும். அதனால் இப்போதைக்கு உங்க கேள்வி சீலன்ட் இல்லை, தண்ணீர் எவ்வளவு தூரம் போயிருக்கு என்பதுதான்.

ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் கிளீட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்க. நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும், கெட்டுப்போன இடம் 'தொப்' என்று மந்தமாக. ஒலி மாறுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்க. பிறகு ஒரு போல்ட்டைக் கழற்றி, ஓட்டைச் சுவரை வளைந்த ஊசியால் சுரண்டுங்க. காய்ந்த பால்சா வெளுப்பாக, மொரமொரவென்று வரும். ஊறினது தேநீர்ச் சக்கை மாதிரிப் பழுப்பாக விரலில் ஒட்டும். எவ்வளவு தூரம் என்று தெரியணும் என்றால் கீழ்ப்பக்கத்திலிருந்து 3 மி.மீ. டிரில் பிட்டால் 50 மி.மீ. இடைவெளியில் துளை போட்டு, வருகிற தூளைப் பாருங்க. பிட்டில் 12 மி.மீ. தள்ளி ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்க, மேல் தோலைத் துளைத்துவிடக் கூடாது. ஈரம் போல்ட்டிலிருந்து இரண்டு விரல்கடைக்குள் நின்றால் ஓட்டை வழியாகவே தோண்டி நிரப்பிவிடலாம். உள்ளங்கை அகலத்தைத் தாண்டினால் தோலை வெட்டி எடுத்துப் புது மரம் வைக்கணும், அது வேறு வேலை.

கழற்றிய போல்ட்டின் நடுப்பகுதியையும் பாருங்க. ஸ்டெயின்லெஸ்ஸின் காப்புப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேணும். டெக்குக்குள் தேங்கிய தண்ணீரில் அது கிடைக்காது. தலையும் நட்டும் பளபளக்கும், நடுவில் மட்டும் எலி கடித்த மாதிரி குழிகுழியாக இருக்கும். குழி ஒன்று கண்ணில் பட்டாலும் நான்கையும் தூக்கிப் போட்டுவிடுங்க.

பிசின்வாளி:

கிளீட் வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஸ்டான்ஷனுக்கும் இதே முறைதான்.

கழற்றும்போது மேலே ஒருவர் போல்ட் தலையை அசையாமல் பிடிக்கணும், கீழே ஒருவர் நட்டைத் திருகணும். தலையைச் சுற்றினால் ஜெல்கோட் பெயரும்.

போல்ட் எல்லாம் வந்த பிறகு கிளீட்டின் அடி அளவுக்கு, நான்கு ஓட்டையையும் இணைத்து பால்சாவைக் காலி பண்ணணும். ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டுவதைவிட இது நல்லது, கடைசியில் கிளீட்டுக்கு அடியில் ஒரே கெட்டிப் பாளம் கிடைக்கும். மேல் தோலைக் கெடுக்காமல் செய்ய வழி இருக்கு: கீழிருந்து 25 மி.மீ. ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டுகிற வட்ட ரம்பம்) கீழ்த் தோலையும் பால்சாவையும் மட்டும் எடுங்க. அந்த வட்டங்களைப் பிறகு தகடு மூடிவிடும். வட்டங்களுக்கு நடுவில் மிச்சமிருப்பதை, தலை நறுக்கி எல் வடிவில் வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, மெதுவாக ஓட்டிக் கிளறி எடுக்கலாம். தலைக்கு மேலே வேலை, கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் தொடங்காதீங்க.

காய வைத்த பிறகு கீழ்ப்பக்கத்தை நன்றாக ஒட்டுகிற டேப்பால் மூடுங்க. 90க்கு 60 மி.மீ. இடம், 12 மி.மீ. தடிமன் என்றால் சுமார் 65 மி.லி. எபாக்சி (ஹார்டனர் கலந்தால் இறுகுகிற பிசின்) போதும். ஆனால் ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. முதலில் எதுவும் கலக்காத எபாக்சியை மேல் ஓட்டை வழியாக ஊசிக்குழலால் விட்டு, 10 நிமிடம் பால்சாவின் விளிம்பு குடிக்கட்டும், மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்க. அடுத்து கொலாய்டல் சிலிக்கா (பிசினைக் கெட்டியாக்குகிற தூள்) கலந்து, கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் தொங்குகிற பதத்தில் பாதி உயரம். அது கெட்டியாகி சூடு அடங்கின பிறகு மீதிப் பாதி. மெதுவாக இறுகும் ஹார்டனர் எடுங்க. மொத்தமாக ஊற்றினால் உள்ளே வெந்து விரிசல் விடும், பக்கத்து பால்சாவும் கருகும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது பெரிய தப்பு, அளவு மாறினால் ரப்பர் மாதிரியே நின்றுவிடும். எடை குறைந்த பலூன் தூள் (உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகள்) வேண்டாம், அது தேய்த்து மட்டம் பண்ணுகிற வேலைக்கு. போல்ட்டின் நெருக்கத்தைத் தாங்காது.

25 டிகிரி வெயிலில் ஒரு நாள் விட்டு, மேல் தோலின் பழைய ஓட்டையையே வழியாக வைத்து 8.5 மி.மீ. துளை. மேலே துளையின் வாயை 13 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆழத்துக்குச் சாய்த்து விடுங்க. அந்தக் கிண்ணத்தில் சீலன்ட் வளையமாகத் தங்கும், ஜெல்கோட்டும் போல்ட் விளிம்பில் தெறிக்காது. பலர் விட்டுவிடுகிற வேலை இது. கசிவைத் தடுக்கிற பெருமையில் பாதி இந்தக் கிண்ணத்துக்குத்தான் போய்ச் சேரணும்.

தகடு: ஜி10 கண்ணாடி எபாக்சிப் பலகை, 6 மி.மீ. தடிமன், போல்ட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் 30 மி.மீ. உங்க கிளீட்டுக்கு ஏறக்குறைய 120க்கு 90. அதாவது 108 சதுர செ.மீ., பழைய நான்கு வாஷரையும் போல 18 மடங்கு. மூலையை உருட்டிவிடுங்க, கூர்மூலை இருந்தால் ஃபைபர் அங்கேதான் முதலில் வெடிக்கும். ஜி10 வெட்டும்போது வருகிற தூள் நுரையீரலுக்கு ஆகாது. தகட்டுக்குக் கீழேயும் 24 மி.மீ. அகல வாஷர் போடுங்க.

போல்ட் நீளம்: கிளீட் அடி 12, டெக் 18, தகடு 6, வாஷர் 2, நைலாக் நட் (தானாகத் தளராத, நைலான் வளையம் வைத்த நட்) 8, அதற்கு வெளியே இரண்டு மரை, 3. மொத்தம் 49. எனவே 50 மி.மீ., 316 ரக ஸ்டெயின்லெஸ். உங்க கிளீட்டின் அடித் தடிமனை அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்க.

மரைசாமி:

போல்ட்டைப் பெரிதாக்கலாமா என்று கேட்டீங்க. வேண்டாம். எம்8 அறுந்து போனதா? இல்லை. அதைப் பிடித்திருந்த டெக்தான் தோற்றது. எம்10 போட்டால் அதே நசுங்கின பால்சாவில் பெரிய ஓட்டை, அவ்வளவுதான்.

ஸ்டான்ஷன் கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும், ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. உயரம் 610 மி.மீ. என்று வையுங்க. ஒருத்தர் தடுமாறி உச்சியில் 50 கிலோ விசையில் சாய்கிறார். அடித்தட்டின் வெளி விளிம்பு கீலாகிடும், உள்பக்க போல்ட் அதிலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கு. 50 பெருக்கல் 610 வகுத்தல் 60, கிட்டத்தட்ட 500 கிலோ. இரண்டு உள்பக்க போல்ட்டும் பங்கிட்டால் ஆளுக்கு 250 மேல்நோக்கி இழுவை. அதே நேரத்தில் வெளி விளிம்பு டெக்கைக் கீழே குத்துது. உங்க சிலந்தி வலைக் கீறல் அந்த வெளி விளிம்பில் அதிகமாக இருக்கும், போய்ப் பாருங்க. கீறலை மட்டும் ஜெல்கோட் பூசி மறைப்பது வீண். டெக் வளைவது நின்றால்தான் கீறலும் நிற்கும். தகட்டை ஸ்டான்ஷனுக்கு மட்டும் படகின் உள்பக்கமாக இன்னும் 50 மி.மீ. நீட்டி வெட்டுங்க. அதற்கு முன்னால் ஒரு விஷயம்: குழாயே அடித்தட்டின் சாக்கெட்டுக்குள் ஆடுதா, இல்லை அடித்தட்டு டெக்மேல் ஆடுதா? தட்டின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்துக்கொண்டு உச்சியை ஆட்டினால் நகத்துக்கே தெரிந்துவிடும். சாக்கெட் என்றால் பூட்டுத் திருகை இறுக்குவதோடு முடியலாம்.

சீலன்ட்டுக்கு வருவோம். திரும்பக் கழற்ற வேண்டிய எதற்கும் 3எம் 5200 போடாதீங்க. அது சீலன்ட் வேடத்தில் இருக்கிற பசை. அடுத்த தடவை கிளீட்டோடு ஜெல்கோட்டும் பிய்ந்து வரும். பிடிக்கிற வேலை போல்ட்டுக்கும் தகட்டுக்கும், சீலன்ட் தண்ணீரை மறித்தால் போதும். சிலிகான் வேண்டவே வேண்டாம், அது விட்டுப்போகிற படலத்தின்மேல் பின்னால் எபாக்சியும் பெயின்ட்டும் ஒட்டாது. பாலிசல்ஃபைடு நல்ல பொருள், ஆனால் பாலிகார்பனேட், அக்ரிலிக் மாதிரி பிளாஸ்டிக்கைத் தின்னும். நான் சொல்வது பியூட்டைல் டேப். அது காயவே காயாது, பல வருஷம் மாவு மாதிரியே இருக்கும், எப்போது வேணும்னாலும் கழற்றலாம். டீசல், பெட்ரோல் பட்டால் கரையும், எனவே எரிபொருள் நிரப்பும் மூடிப் பக்கம் மட்டும் தவிர்க்கணும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழும் கூடாது.

போடுகிற விதம்: டெக்கை ஆல்கஹாலில் துடைத்து, அடித்தட்டு முழுவதும் டேப்பை ஒட்டி, ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கு அடியிலும் ஒரு நூலாக உருட்டிக் கூம்பு மாதிரி சுற்றணும். அந்தக் கூம்புதான் பிசின்வாளி சொன்ன கிண்ணத்துக்குள் போய் உட்காரும். மேலே தலை நகராமல் ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருக்கணும், திருகுவது கீழே நட்டை மட்டும். தலை சுற்றினால் கூம்பு கிழிந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் மெஷினால் வேகமாக ஏற்றினால் சூட்டில் மரை ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது, வெட்டித்தான் எடுக்கணும். மரையில் ஆன்டி-சீஸ் (மரை பற்றாமல் தடுக்கிற மசகு) பூசி, கை ஸ்பேனரில் நிதானமாக. கிளீட் அலுமினியம் என்றால் போல்ட்டுக்கும் அதற்கும் நடுவில் டெஃப்ஜெல் (உலோக அரிப்பைத் தடுக்கிற களிம்பு) கட்டாயம், இல்லையென்றால் வெள்ளைப் பொடி பூத்துத் தின்றுவிடும்.

துடுப்பு22:

எல்லோருக்கும் நன்றி. கிளீட்டில் ஒரு போல்ட் கழற்றியாச்சு. நடுவில் குழிதான், அலைமேல் சொன்ன மாதிரியே. தூள் பழுப்பு, ஈரம் ஓட்டையிலிருந்து 30 மி.மீ. வரை, அதற்கு அப்பால் வெளுப்பு. ஸ்டான்ஷனில் சாக்கெட் சரி, அடித்தட்டுதான் ஆடுது.

மூன்று சந்தேகம். எவ்வளவு நாள் காய வைக்கணும், காய்ந்தது எப்படித் தெரியும்? டெக்கின் கீழ்ப்பக்கம் மேடு பள்ளம், தகடு ஒரு மூலையில் 3 மி.மீ. தூக்கி நிற்குது. அப்புறம், அந்தக் கைப்பிடிக் கம்பி?

பிசின்வாளி:

30 மி.மீ. என்றால் நல்ல நேரத்தில் பார்த்திருக்கீங்க. ஊறினதை எல்லாம் தோண்டி எடுத்துவிடுவதால் காய வேண்டியது விளிம்பு மட்டும்தான். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும், மேலே மழை படாமல் கூடாரம், உள்ளே ஒரு மின்விசிறி, நான்கைந்து நாள். ஹீட் கன்னைக் கிட்டத்தில் பிடித்து அவசரப்படுத்தாதீங்க, ஃபைபர் தோல் மரத்தை விட்டுப் பிரியும். சோதிக்க டிஷ்யூ பேப்பரை இறுக்கித் திரி மாதிரி முறுக்கி ஓட்டைக்குள் பால்சாவைத் தொடும்படி திணித்து இரவு விடுங்க. மேலேயும் கீழேயும் டேப் ஒட்டணும், இல்லையென்றால் காற்றின் ஈரத்தைத்தான் அது காட்டும். காலையில் திரி மொரமொரவென்று இருந்தால் எபாக்சி ஊற்றலாம். ஈர மரத்தில் எபாக்சி பிடிக்காது.

மேடு பள்ளத்துக்கு: தகட்டை நேராக இறுக்கினால் அது மூன்று புள்ளியில்தான் உட்காரும், பழைய வாஷர் கதைதான். கீழ்ப்பக்கம் பெயின்ட் இருந்தால் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுங்க. தகட்டின் மேல்முகத்தையும் தேய்த்து, கெட்டியான எபாக்சியைப் பூசி, மெழுகு தடவிய பழைய போல்ட்டில் லேசாக இழுத்து வைத்து இறுக விடுங்க. பள்ளம் நிரம்பி, பக்கவாட்டில் பிதுங்குகிற அளவு இழுத்தால் போதும், முழுக்க இறுக்கினால் எபாக்சி எல்லாம் வெளியே போய்விடும். மறுநாள் போல்ட்டைத் தட்டி எடுத்துவிட்டு, புது போல்ட்டோடு பியூட்டைல் வைத்துப் பூட்டலாம். கீழ்ப்பக்கத்தில் சீலன்ட் பூசாதீங்க. மேலே கசிய ஆரம்பித்தால் அது கீழே சொட்டிக் காட்டிக்கொடுக்கணும். கீழேயும் அடைத்தால் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் டெக்குக்குள்ளேயே தேங்கும்.

அலைமேல்:

கைப்பிடிக் கம்பிக்கு நான் சொல்றேன். ஆள் விழப்போகும்போது முழு எடையோடு பிடிக்கிற சாமான் அது, திருகாணியில் நிற்கவே கூடாது. விளக்கு, கொக்கி மாதிரி சின்னதாக இருந்தால் ஓட்டையை எபாக்சியால் நிரப்பி மறுபடி திருகாணி போட்டால் சரி. தீக்குச்சியும் பசையும் திணிக்கிற வைத்தியம் இரண்டு வாரத்துக்கு.

இதற்கு வழி, மேலே உள்ள ஓட்டையின் வழியே 3 மி.மீ. நீளப் பிட்டை விட்டு லைனர் வரை நேராகத் துளைத்து இடத்தைக் குறித்துக்கொள்வது. நடுவில் வயர் எதுவும் ஓடலையே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க. பிறகு உள்ளிருந்து லைனரில் மட்டும் 40 மி.மீ. ஹோல் சா. அந்த வட்டத்தின் வழியாக 35 மி.மீ. அகல வட்டத் தகடும் நட்டும் போகும், சாக்கெட் ஸ்பேனரும் நுழையும். தகடு டெக்கில் உட்காரணும், லைனரில் இல்லை. சிலர் லைனருக்கு வெளியே வாஷர் வைத்து இறுக்குவாங்க. இரண்டுக்கும் நடுவே காலி இடம், இறுக்க இறுக்க லைனர் மேலே வளையும், பிடி மட்டும் வராது. 40 மி.மீ. ஓட்டைக்குப் பிளாஸ்டிக் மூடி அடித்தால் பார்க்க நன்றாகவே இருக்கும், கசிவு வந்தாலும் திறந்து பார்க்கலாம். கம்பியின் எல்லாக் காலையும் சேர்த்துச் செய்துவிடுங்க, இன்று ஆடாத காலிலும் அதே திருகாணிதான்.

மரைசாமி:

இறுக்குவது பற்றி ஒன்று விட்டுப்போச்சு. பியூட்டைல் மெதுவாகத்தான் வழியும். ஒரே நாளில் முழு இறுக்கம் கொடுத்தால் அது நகர நேரம் கிடைக்காமல் தகடு வளையும். முதல் நாள் ஓரத்தில் பிதுங்கும் வரை, மறுநாள் வெயில் ஏறின பிறகு நட்டுக்குக் கால் சுற்று, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்க. பிதுங்குவது நின்றால் முடிஞ்சது. பிதுங்கினதை பிளாஸ்டிக் தகட்டால் வெட்டி எடுக்கலாம்.

பாலியூரித்தேன் சீலன்ட் போடுகிறவங்க 'பாதி இறுக்கி, காய விட்டு, பிறகு முழுசா இறுக்கு' என்பாங்க. காய்ந்த பிறகு தலை ஒரு நூல் திரும்பினாலும் அந்தப் பிடி விட்டுடும், எனவே அந்தப் பொருளை ஈரமாக இருக்கும்போதே ஒரேயடியாக முடிப்பது என் கட்சி. இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு.

பிசின்வாளி:

கிண்ணம் வெட்டியிருந்தால் இரண்டு முறையும் தாங்கும். பாதி இறுக்கினால் உள்ளே கொஞ்சம் தடிமன் மிஞ்சும், அது ரப்பராக வேலை செய்யும் என்பதுதான் அவங்க வாதம். கிண்ணத்தில் அந்தத் தடிமன் தானாகவே இருக்கு. எப்படியோ, கேபினுக்குள் எதையும் மூடுவதற்கு முன்னால் கிளீட்டைச் சுற்றி களிமண்ணோ பியூட்டைலோ வைத்து இரண்டு விரல் உயரக் கரை கட்டுங்க. அதில் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, கீழே ஒவ்வொரு நட்டிலும் டிஷ்யூ சுற்றி, ஒரு மணி நேரம் விடுங்க. எந்த நட்டில் சாயம் ஏறுதோ அந்த போல்ட்டை மட்டும் எடுத்துக் கூம்பைப் புதுசா சுற்றினால் போதும்.